ஐந்து சாண்

மார்ச் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை, மகளுக்குப் பள்ளிச் சட்டையை மாட்டிவிடும்போது அவள் கழுத்துக்குக் கீழே மூன்று கொப்புளங்களைப் பார்த்தேன். குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் செக்கிங் பிரிவில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். தைத்து முடித்த சட்டைகள் மலைமலையாக என் மேசைக்கு வரும். தையல் விட்டிருந்தாலோ, எண்ணெய்க் கறை இருந்தாலோ, பொத்தான் ஒரு நூல் தள்ளி நின்றாலோ, அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவேன். அதனால் கொப்புளத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நீர் கோத்து, ஓரம் சிவந்து, பளபளவென்று இருந்தது. அம்மைதான்.

எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். "இப்பவா வரணும்?" என்று குழந்தையைப் பார்த்துக் கேட்டேன், ஏதோ அவள்தான் வெற்றிலை பாக்கு வைத்து வரவழைத்ததுபோல.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. இரண்டு நாள் முன்னால்தான் வகுப்பு மிஸ் எனக்குப் போன் செய்திருந்தார். மகளுக்கு ஏழு வயது, இரண்டாவது படிக்கிறாள். "நல்லா எழுதுறாங்க. ஆனா புத்தகத்தைக் கையில் குடுத்து வாய்விட்டுப் படின்னு சொன்னா சத்தமே வர மாட்டேங்குது. அடுத்த வாரம் வாசிப்புத் தேர்வு. ஒரு பக்கமாவது வாசிக்கணும். இல்லன்னா இன்னொரு வருஷம் ரெண்டாவதுலயே இருக்கட்டும்னு நீங்க எழுதித் தர்ற மாதிரி ஆயிடும்." இதுதான் மிஸ் சொன்னது. அன்று இரவு புத்தகத்தோடு மகளை உட்கார வைத்தேன். என்ன நடந்திருக்கும் என்று என்னைத் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

மறைக்க ஒன்றுமில்லை. நான் அடிக்கிற அம்மா. கம்பெனி பஸ் விட்டு இறங்கி, முகம் கழுவி, டீ போட்டுக் குடித்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொல்வேன். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த அம்பு ஸ்டிக்கர் சுருள் ஒன்று என் கைப்பையிலேயே இருக்கும். தப்பாக எழுதினால் நோட்டில் அம்பு. தப்பாகப் படித்தால் தொடையில் ஒன்று. கையைவிட வாய் எனக்கு வேகம். எருமை, மண்டு, உன்னப் பெத்ததுக்கு, என்று தொடங்கினால் தெருமுனைக் கடை வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

கோவில்பதாகையில் எங்களுடையது மாடிப் போர்ஷன். கீழ்ப் போர்ஷனில் இருக்கும் அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். ஐடி கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவள். அவளிடம் போய், "அக்கா, பாப்பாவுக்குக் கொப்புளம் வந்துகீது" என்றேன். கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டு என் வாயில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"கொப்புளம்னு சொல்லாதடி. முத்துன்னு சொல்லு. ஆத்தா வந்துகீறா உன் ஊட்டுக்கு."

அரைமணி நேரத்தில் என் வீடு அக்காவின் கைக்குப் போய்விட்டது. வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது. கட்டிலில் வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் வேப்பிலை பரப்பி, மகளைப் படுக்க வைத்தாள். என் வீட்டுக்காரருக்குச் சின்ன வயதில் அம்மை போட்டதில்லை என்று தெரிந்ததும், பூந்தமல்லியில் இருக்கும் அவர் அண்ணன் வீட்டுக்கு அவரை மூட்டை கட்ட வைத்தாள். பிறகு என்னை நிற்க வைத்து விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். தாளிக்கக் கூடாது. தலை வாரக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போகக் கூடாது. குழந்தை கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது.

"அப்பால இது முக்கியம். மூணாம் தண்ணி ஊத்துற வரிக்கும் கொழந்தய ஒரு வார்த்த திட்டக் கூடாது. கை ஓங்கவே கூடாது. இப்ப அது உன் பொண்ணு இல்ல, ஆத்தா. வாம்மா, சாப்புடும்மான்னு மருவாதியா பேசு. நீ பாட்டுக்கு எரும மாடுன்னு ஆரம்பிச்சே, முத்து கண்ணுல ஏறிடும், பார்த்துக்க."

இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மார்க்கெட் பக்கத்து டாக்டரிடம் காட்டினேன், அவர் எழுதித் தந்த மருந்தையும் வேளை தவறாமல் கொடுத்தேன். ஆனால் கண்ணில் ஏறிவிடும் என்று அக்கா சொன்ன பிறகு, காலையில் எழுந்ததும் முதலில் மகளின் கண்ணைத்தான் பார்த்தேன். வீட்டுக்காரர் இளநீர் வாங்கி வந்து மாடிப்படிக்குக் கீழே வைத்துவிட்டு, அங்கிருந்தே அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"பத்து நாளிக்கு மேல திட்டாம இருக்கணுமாமே? ஆத்தா பொயச்சுக்குவா. நீ பொயப்பியா?"

கம்பெனிக்கு லீவு சொன்னேன். மிஸ்ஸிடமும் விஷயத்தைச் சொன்னேன். ஞாயிறு மாலை மிஸ் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பினார். 'வீட்டிலேயே கற்போம்' என்று தலைப்பு, திங்கள் முதல் சனி வரை நாளுக்கு ஒரு செயல். செய்ததைப் படம் எடுத்து வகுப்புக் குழுவில் போட வேண்டும். மழைக்கு லீவு விட்டபோது தயாரித்த தாள்தான், எல்லோருக்கும் ஏற்கெனவே வந்தது. கீழே எனக்கு மட்டும் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார். அடுத்த திங்கள் காலை பத்து மணிக்கு வீடியோ காலில் வாசிப்புத் தேர்வு வைத்துக்கொள்ளலாம் என்று. ஆக எனக்கு ஏழு நாள் இருந்தது. சத்தமே வராத பெண்ணை ஏழு நாளில் வாசிக்க வைக்க வேண்டும், அதுவும் திட்டாமல், அடிக்காமல். கை காலைக் கட்டிக் கிணற்றில் போட்டதுபோல் இருந்தது.

திங்களன்று, வீட்டில் கேட்கும் ஐந்து ஓசைகளை எழுத வேண்டும். தாளைக் கொண்டுபோய், "எழுதுறீங்களாம்மா?" என்றேன். அந்தக் குரலைக் கேட்டதும் மகள் திரும்பி வாசலைப் பார்த்தாள், வேறு யாராவது வந்திருக்கிறார்களா என்று.

காக்கா என்று எழுதினாள். தண்ணி லாரி என்று எழுதினாள். பக்கத்து ராணுவத் தொழிற்சாலையில் டாங்கியை ஓட்டிப் பார்க்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிரும் சத்தத்தை எழுதினாள். ஃபேன் என்று எழுதினாள். ஐந்தாவதற்கு வந்ததும் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி. எனக்கு உள்ளங்கை அரித்தது. நாக்கு நுனியில் வரிசையாக வார்த்தைகள் வந்து நின்றன. தாங்க முடியாமல் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, எதிரிலிருந்த பச்சை பக்கெட்டைப் பார்த்து மனசார நாலு திட்டுத் திட்டினேன். எருமை, மண்டு எல்லாம் அதற்குத்தான். வெளியே வந்தபோது தாளில் ஐந்தாவதும் எழுதியாகியிருந்தது. 'அம்மா பக்கெட்டைத் திட்டும் சத்தம்.'

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்படியே படம் எடுத்துப் போட்டேன். குழுவில் நாலைந்து பேர் சிரிக்கும் முகம் அனுப்பினார்கள்.

செவ்வாய்க்கிழமைச் செயல், சாண் வைத்து அளப்பது. வீட்டில் ஐந்து பொருட்களை அவரவர் கைச் சாணால் அளந்து எழுத வேண்டும். மகளுக்கு அன்று காய்ச்சல் விட்டிருந்தது. கட்டிலைவிட்டு இறங்கி, விரலை அகட்டி அகட்டி வீடு முழுக்க மெதுவாக அளந்துகொண்டு வந்தாள். நான் அடுப்படியில் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் போன். அவசர ஆர்டர் போகிறது, ஆள் பற்றவில்லை, எப்போது வருவாய் என்று. அவருக்குச் சமாதானம் சொல்லி முடித்து, ஒரு கையால் கூழைக் கிண்டிக்கொண்டே மறு கையால் மகள் நீட்டிய தாளைப் படம் எடுத்துக் குழுவில் அனுப்பிவிட்டேன். பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள், பார்க்காமல் அனுப்பினேன். அடுப்பை அணைத்த பிறகுதான் படித்தேன்.

கட்டில் 14 சாண்.
கதவு அகலம் 6 சாண்.
டிவி 6 சாண்.
ஸ்டூல் 4 சாண்.
அம்மா அடிக்கிற தூரம் 5 சாண்.

கையெழுத்து அழகாக இருந்தது. ஒரு பிழைகூட இல்லை. அம்பு ஒட்ட இடமே இல்லை.

'எல்லோருக்கும் நீக்கு' என்பதைத் தேடி அழுத்தினேன். படம் போய்விட்டது. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற வரி மட்டும் பல்லிளித்துக்கொண்டு நின்றது. அதற்குள் எத்தனை அம்மாக்கள் பார்த்தார்களோ. பள்ளி வாசலில் என்னோடு நின்று சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். குழுவில் யாரும் எதுவும் எழுதவில்லை. திங்களன்று சிரித்த முகம் அனுப்பியவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. பிறகு மிஸ் கூப்பிட்டார்.

"படம் பார்த்தேங்க. அளவெல்லாம் சரியாத்தான் அளந்திருக்காங்கன்னு நினைக்கிறேன். திங்கக்கிழமை பத்து மணிக்குக் கூப்பிடறேன்."

நான் சரி மிஸ் என்றேன்.

வெட்கம் வந்தால் எனக்கு அது வெட்கமாக நிற்காது. நேராகக் கோபமாகிவிடும். ஊர் முழுக்க மானத்தை வாங்கிவிட்டாளே என்று அறை வாசலில் போய் நின்றேன். மகள் பாயில் உட்கார்ந்து, வேப்பிலைக் கொத்தால் வயிற்றை வருடிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை. நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டு, பாயோடு கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள். பலநாள் பழக்கம்போல் நகர்ந்தாள். அவள் இடது இமைமேல் புதிதாக ஒரு முத்து பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் என் கை தானாக இறங்கிவிட்டது. கை ஓங்கியிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மத்தியானம் அவள் தூங்கும்போது, பையிலிருந்து கம்பெனி டேப்பை எடுத்தேன். அவள் விரல்களை மெல்ல விரித்து அளந்தேன். ஒரு சாண் பதின்மூன்று சென்டிமீட்டர். பிறகு நான் எப்போதும் உட்கார்கிற சுவரோரம் போய் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து கையை நீட்டி, விரல் நுனி தொட்ட தரையிலிருந்து என் முழங்கால்வரை டேப்பை இழுத்தேன். அறுபத்தைந்து. ஐந்து சாண் சரியாக இருந்தது. அவள் படிக்கும்போது உட்காருகிற இடம் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில். "ஏன் அங்க போய் ஒண்டிகினு உக்கார்ற, கிட்ட வா" என்று தினமும் கத்துவேன். அந்த இடத்தையும் அளந்தேன். அது ஆறாவது சாணில் இருந்தது. சோம்பேறித்தனம் என்றும் திமிர் என்றும் நான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புதன் ஏழாம் நாள். அக்கா வந்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காய்ந்த தண்ணீரை மகள் தலைக்கு ஊற்றினாள். அது முதல் தண்ணி. அன்றைய செயல் பச்சைப் பயறு முளைகட்டுவது. ஈரத்துணியில் பயறைக் கட்டி வைத்தோம், அதில் சண்டைக்கு இடமில்லை.

வியாழக்கிழமையை நினைத்துத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். 'வீட்டில் யாருக்காவது ஒரு பக்கம் வாசித்துக் காட்டுங்கள்' என்று தாளில் இருந்தது. வீட்டில் இருப்பதே நான் ஒருத்திதான். புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தேன். தவளை ஒன்று மலை ஏறிப் போகிற பாடம். பக்கத்தின் நடுவில் பள்ளத்தாக்கு என்று ஒரு வார்த்தை வரும். பதினைந்து நாள் முன்னால் அந்த வார்த்தைக்காக அவளுக்குத் தொடையில் மூன்று விழுந்திருந்தன. மகள் புத்தகத்தைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் காத்திருந்தேன். அவள் பக்கத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் பக்கெட்டுக்குப் படிக்கட்டா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஆத்தா கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. பச்சை பக்கெட்டைத் துடைத்துக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். "நீ அங்க போ" என்று அடுப்படியைக் காட்டினாள். போனேன். கொஞ்ச நேரம் கழித்து அறையிலிருந்து குரல் வந்தது. பக்கெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு படிக்கிறாள் போல, கோவில் மைக் மாதிரி கும்மென்று வந்தது. எட்டு மாதமாக அந்தப் பள்ளிக்கூடம் கேட்காத குரல், நானும் கேட்காத குரல். தவளை கிளம்பியது, கல்லில் உட்கார்ந்தது, காற்று அடித்தது. பள்ளத்தாக்கு வந்ததும் நின்றது. 'பள்ளாக்கு' என்றாள். என் கை கைப்பைக்குள் போய் ஸ்டிக்கர் சுருளைப் பிடித்துவிட்டது. பழக்கதோஷம். அதை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றேன். ஒரு நிமிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு அவளே திரும்பப் போய், "பள்-ளத்-தாக்கு" என்று சரியாகச் சொல்லிவிட்டு மேலே போனாள். பக்கம் முடிந்தது. பிடித்திருந்த சுருளை அப்போதுதான் விட்டேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாம் தண்ணி. வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியை ஸ்கெட்ச் பேனாவால் வரைவது அன்றைய செயல். சாலையைச் சிவப்பில் வரைந்தாள். அன்று இரண்டு தடவை, சனி காலை ஒரு தடவை, பக்கெட்டுக்கு வாசித்தாள். இனிப் பயமில்லை, திங்களன்று பாஸ்தான் என்று நான் தைரியமாகிவிட்டேன். சனி மத்தியானம் முளைவிட்ட பயறை எண்ணிக்கொண்டே மகள் கேட்டாள்.

"ஆத்தா எப்பம்மா போவா?"

"நாளிக்கு அக்கா மூணாம் தண்ணி ஊத்துனா போயிடுவாம்மா."

"மிஸ் எப்ப கூப்புடுவாங்க?"

"நாளான்னிக்கு."

அவள் விரல்விட்டு எண்ணினாள். சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். "அம்மா, புச்சா முத்து வந்துகீது." திரும்பி நின்று பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குப் பின்னால் மூன்று.

ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நீர் இல்லை, மேடு இல்லை, ஓரம் காம்பஸ் வைத்ததுபோல் வட்டம். பள்ளிக்குப் போகிற சாலையின் அதே சிவப்பு. அவள் ஆள்காட்டி விரல் நுனியிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பொய் சொன்னால் என்னிடம் இரண்டு மடங்கு விழும். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் வந்து நிற்கிறாள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "ஏய்" என்று வாய்வரை வந்துவிட்டது. அப்போதுதான் அவள் மத்தியானம் எண்ணிய கணக்கு எனக்குப் புரிந்தது. நாளை ஆத்தா போய்விடுவாள். நாளை மறுநாள் மிஸ் கூப்பிடும்போது வீட்டில் நான் மட்டும் இருப்பேன், பழைய நான். அந்த ஒரு நாளுக்கு அவளுக்குக் காவல் வேண்டும். என்னிடமிருந்து தப்பிக்க ஏழு வயதுக் குழந்தை தெய்வத்தைப் பிடித்து நிறுத்தி வைக்கப் பார்க்கிறது. என்னைப் பெற்றவளோ, கட்டியவரோ, எஸ்டேட் சூப்பர்வைசரோ யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. ஆத்தா இருக்கும் வீட்டில் அழக்கூடாது என்று அக்கா சொல்லியிருந்ததால் அழவில்லை.

குனிந்து பக்கத்தில் பார்த்தேன். "ஆமாம்மா. மூணு முத்து. ஆத்தா இன்னும் போகல" என்றேன்.

ஒன்பது வருட வேலையில், குறையைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பாஸ் போட்டது அதுதான் முதல் தடவை.

ஞாயிறு காலை அக்கா தண்ணீர்க் குடத்தோடு படியேறி வந்தாள். மகள் வேட்டியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வாசலிலேயே நான் சொன்னேன், "அக்கா, இன்னிக்கி ஊத்த வேணாம். புதுசா மூணு கீது."

"பதினோராம் நாளு இன்னாடி புச்சா? எங்க, காட்டு."

தடுக்க நினைத்தேன். தடுக்க முடியுமா அக்காவை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையோடு மகளின் காலைத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலால் ஒன்றைத் தடவினாள். விரலைத் தூக்கித் தன் கண்ணருகே கொண்டுபோனாள். விரல் சிவந்திருந்தது. மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். மகள் மூச்சே விடவில்லை, நானும்தான். தினமும் நான் போடும் கூச்சலைக் கீழே இருந்து மூன்று வருடமாகக் கேட்கிறவள் அக்கா.

விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "ஆத்தாவுக்கு இந்த ஊட்ல இன்னும் வேல கீது போல. செவ்வாக்கெயம ஊத்திக்கலாம்" என்று சொல்லிவிட்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். படியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

திங்கள் பத்து மணிக்கு மிஸ் கூப்பிட்டார். போனைப் பக்கெட்டில் சாய்த்து வைத்திருந்தோம், அது மகளின் ஏற்பாடு. அவள் டிரம் ஓரத்தில், நான் சுவரோரத்தில். முகத்தில் காய்ந்த பொருக்குகளோடு அவளைப் பார்த்து மிஸ் நலம் விசாரித்தார். "தவளைப் பாடம் எடுங்க. சத்தமா, எனக்குக் கேட்கிற மாதிரி."

ஆரம்பித்தாள். குரல் சின்னதாக இருந்தது, ஆனால் வந்தது. முதல் வரி, இரண்டாம் வரி. பக்கெட்டுக்குப் படித்த வேகம் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகக் கால் வைத்துத் தாண்டினாள். பள்ளத்தாக்கு வந்தது. நின்றுவிட்டாள்.

"ம், படிங்க" என்றார் மிஸ்.

மகள் போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், அப்புறம் என் கைகளைப் பார்த்தாள். என் கைகள் மடியில் இருந்தன. அவற்றை எடுத்து என் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கம்பெனியில் யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். ஃபேன் சத்தமும் தூரத்தில் டாங்கி உறுமலும் மட்டும் கேட்டன. மிஸ்ஸும் காத்திருந்தார். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. என் கை மரத்துப்போகிற அளவுக்கு இருந்தது.

"பள்-ளத்-தாக்கு" என்றாள் மகள். பிறகு பக்கம் முடியும்வரை நிற்கவில்லை.

"மூணாவதுல பார்க்கலாம்மா" என்று மிஸ் அவளிடம் சொன்னார். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மகள் குதிக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. போனை அணைத்துவிட்டு, காலைத் திருப்பி, முழங்காலுக்குப் பின்னால் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மூன்றாம் தண்ணி ஊற்றினாள் அக்கா. மஞ்சள் தண்ணீரில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று கலந்து சாக்கடைத் துளைக்குள் போனது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். "ஆத்தா மலையேறிட்டா" என்று சொல்லி அக்கா வாசல் வேப்பிலையை அவிழ்த்தாள். வீட்டைக் கழுவிவிட்டேன். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு கடுகு வெடித்தது. வீட்டுக்காரர் சாயங்காலம் வந்துவிடுவதாகப் போன் செய்தார்.

வீட்டுக்காரர் வருவதற்கு முன் நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தபோது, மகள் தானாகவே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கூப்பிடவில்லை. என் முன்னால் குந்தி உட்கார்ந்து, என் முழங்காலிலிருந்து தரையில் சாண் போட ஆரம்பித்தாள். எனக்கு எதிரிலேயே, வாய்விட்டு எண்ணிக்கொண்டே. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ஐந்தில் கொஞ்சம் யோசித்தாள். இன்னொன்று போட்டாள். ஆறில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்து, பக்கெட் இல்லாமல், சத்தமாகப் படித்தாள்.

இப்போது ஜூலை. மூன்றாவது படிக்கிறாள். ஸ்டிக்கர் சுருளைக் கம்பெனி மேசையிலேயே வைத்துவிட்டு வருகிறேன். அதற்குப் பிறகு கையே ஓங்கவில்லையா என்றால், ஒரு நாள் ஓங்கினேன். அடிக்கவில்லை, ஓங்கினேன். அதற்குள் ஐந்துக்கு வந்திருந்தவள், மறுநாள் ஆறுக்குப் போய்விட்டாள். திரும்ப ஐந்துக்கு வர அவளுக்கு மூன்று வாரம் ஆனது. இன்றும் படிக்க உட்காருமுன் சாண் போட்டுத்தான் உட்காருகிறாள். நானும் கூடவே மனதுக்குள் எண்ணுவேன்.

நேற்று நாலோடு நிறுத்திவிட்டாள். என் கை நன்றாக எட்டுகிற இடம். அங்கே உட்கார்ந்து, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தடவை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.